நகரத்துத் தெருவில் புகை எப்படிப் பரவுகிறது? கணினி மாடல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய ஆலையோ மேம்பாலமோ மருத்துவமனை ஜெனரேட்டரோ, எது வந்தாலும் அறிக்கையில் ஒரு வரி இருக்கும்: "கணினி மாடல் மூலம் ஆராய்ந்ததில் மாசு வரம்புக்குள்தான் உள்ளது." அந்த வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் குடியிருப்போர், மாணவர்கள், செய்தியாளர்களுக்காக எழுதியது இது. கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குறுகிய தூர மாசுப் பரவல் மாடல் என்ன செய்கிறது?

எங்கிருந்து எவ்வளவு புகை வருகிறது, காற்று எப்படி வீசுகிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்ற மூன்று தகவல்களை வாங்கிக்கொள்ளும். அவற்றை வைத்து, நாம் கேட்கும் இடத்தில் மூச்சு விடும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டரில், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் மாசு இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும்.

அளவுக் கருவி அது இருக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். மாடலோ கருவி இல்லாத தெருவுக்கும், இன்னும் கட்டாத ஆலைக்கும் பதில் தரும். அதன் மதிப்பு அதில்தான் இருக்கிறது. அதைச் சரிபார்ப்பது கடினமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

"குறுகிய தூரம்" என்றால் எவ்வளவு?

சில மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஏர்மாட் மாடலை 50 கிலோமீட்டர் வரை பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நகரத்தில் குடியிருப்பவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் முதல் 500 மீட்டரைப் பற்றியது.

அந்தத் தூரத்தைக் கடக்கக் காற்றுக்குச் சில நிமிடங்களே ஆகும். கந்தக டை ஆக்சைடு நுண்துகளாக மாறுவது போன்ற மெதுவான வேதிமாற்றங்களுக்கு அந்த நேரம் போதாது, அவற்றை விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் விட முடியாது. வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு, காற்றில் ஏற்கெனவே உள்ள ஓசோனோடு சேர்ந்து ஓரிரு நிமிடங்களுக்குள் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறத் தொடங்கிவிடும். தெருவில் ஓசோன் தீர்ந்துபோனால் அந்த மாற்றமும் நின்றுவிடும். நல்ல தெரு மாடல்கள் இதையும் கணக்கில் சேர்க்கும்.

உள்ளே இருக்கும் சூத்திரம் என்ன?

பெரும்பாலும் காஸியன் சூத்திரம். ஊதுபத்திப் புகையை ஒரு கணம் பார்த்தால் நூல் போல நெளிந்து போகும். அதையே ஒரு மணி நேரம் படம் எடுத்து எல்லாப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் மெலிந்தும் ஒரு சீரான வடிவம் கிடைக்கும். காஸியன் சூத்திரம் தருவது அந்தச் சராசரியைத்தான்.

உமிழ்வு, அதாவது வெளிவரும் புகை, இரண்டு மடங்கானால் செறிவும், அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள மாசும், இரண்டு மடங்காகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் செறிவு பாதியாகும். தூரம் போகப்போகப் புகை பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அகன்று நீர்த்துப்போகும். எவ்வளவு விரைவாக அகலும் என்பது காற்றின் கொந்தளிப்பைப் பொறுத்தது. பிரிட்டிஷ் வானிலை ஆய்வாளர் பிராங்க் பாஸ்குவில் 1961-இல் இதை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். நல்ல வெயில், மெல்லிய காற்று உள்ள மதியம் முதல் வகுப்பு. மேகமில்லாத, காற்றும் அதிகமில்லாத இரவு ஆறாவது வகுப்பு. முதல் வகுப்பில் புகை வேகமாகக் கலந்துவிடும். ஆறாவதில் நாடா போலத் தட்டையாக நெடுந்தூரம் போகும்.

இந்த வகுப்பு முறையைப் புதிய மாடல்கள் கைவிட்டுவிட்டன. ஏர்மாட், தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தையும் காற்றின் உராய்வையும் கொண்டு கொந்தளிப்பை நேரடியாகவே கணக்கிடுகிறது. ஆனாலும் அடிப்படை காஸியன்தான்.

அந்தச் சூத்திரம் நகரத்துக்குப் பொருந்துமா?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

1956 கோடையில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓனீல் என்ற ஊருக்கு அருகே, சமதளமான புல்வெளியில் ஒரு சோதனை நடந்தது. பெயர் பிரெய்ரி கிராஸ். தரையிலிருந்து அரை மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கந்தக டை ஆக்சைடை விட்டு, 50 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை ஐந்து வளைவுகளில் கருவிகளை வைத்து அளந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கட்டடமோ மரமோ இல்லாத இடம். குறுகிய தூர மாடல்களை உருவாக்கவும் சரிபார்க்கவும் இன்றைக்கும் உலகம் அந்தத் தரவைத்தான் எடுக்கிறது. அருமையான சோதனை, ஆனால் புல்வெளிச் சோதனை.

நகரத்துக்கென்று தனி அளவீடுகள் 1960களில் செயின்ட் லூயிஸ் நகரில் எடுக்கப்பட்டன. கட்டடங்கள் காற்றைக் கலக்குவதாலும், நகரம் இரவிலும் வெப்பம் விடுவதாலும் புகை கிராமப்புறத்தைவிட வேகமாகப் பரவுவது தெரிந்தது. அதிலிருந்து நகரத்துக்கான திருத்தங்கள் வந்தன. ஏர்மாட்டில் நகரத்தின் மக்கள்தொகையைக் கொடுத்தால் இரவு வெப்பத்தை அதுவே மதிப்பிட்டுக்கொள்ளும்.

இந்தத் திருத்தங்கள் நகரம் முழுவதையும் ஒரு சொரசொரப்பான தரையாகப் பார்க்கின்றன. கூரைகளுக்கு மேலே போகும் புகைக்கு அது சரி. உங்கள் வீட்டு வாசலில், இரண்டு கட்டட வரிசைகளுக்கு நடுவே இருக்கும் புகைக்கு அது போதாது. 2003 ஜூலையில் ஓக்லஹோமா நகரின் மையத்தில் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற தீங்கற்ற வாயுவை விட்டு அளந்தபோதும், 2005 மார்ச்சில் நியூயார்க்கில் மாடிசன் ஸ்கொயர் கார்டனைச் சுற்றி அதுபோன்ற சோதனை நடந்தபோதும், புல்வெளியில் பார்க்க முடியாதவை தெரிந்தன. வாயு குறுக்குத் தெருக்களில் புகுந்தது. காற்று வரும் திசைக்கு எதிராகவும் ஒன்றிரண்டு கட்டடத் தொகுதிகள் தூரம் போனது. உயரமான கட்டடங்களின் பின்பக்கமாக ஏறிக் கூரையையும் எட்டியது.

தெருவில் எந்தப் பக்கம் புகை அதிகம்?

நம் ஊகத்துக்கு நேர்மாறான பக்கத்தில்.

தெற்கு வடக்காக ஒரு தெரு, இரு பக்கமும் தொடர்ச்சியாக மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள், கூரைக்கு மேலே மேற்குக் காற்று என்று வைத்துக்கொள்வோம். வண்டிப் புகை கிழக்குப் பக்க நடைபாதைக்குப் போகும் என்றுதான் தோன்றும். ஆனால் மேலே வரும் காற்று கிழக்குப் பக்கக் கட்டடத்தில் மோதிக் கீழிறங்கி, சாலை மட்டத்தில் மேற்கு நோக்கித் திரும்பி, மேற்குச் சுவரோடு மேலேறும். தெருவுக்குள்ளே ஒரு சுழல் உருவாகிவிடும். கிழக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மேலிருந்து வரும் ஓரளவு சுத்தமான காற்று கிடைக்கும். மேற்குப் பக்கத்தில் நிற்பவருக்குச் சாலையின் முழுப் புகையும் வந்து சேரும். ஒரே தெருவின் இரு ஓரங்களுக்கும் இடையே செறிவு சில மடங்கு வேறுபடலாம்.

எல்லாத் தெருவிலும் இது ஒரே மாதிரி நடக்காது. கட்டட உயரத்தைத் தெருவின் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். கனடாவின் நகர வானிலை ஆய்வாளர் டிம் ஓக் 1988-இல் விளக்கியபடி, அந்த விகிதம் ஏறக்குறைய 0.7-ஐத் தாண்டினால் மேல்காற்று தெருவுக்குள் முழுதாக இறங்காமல் கூரைகளை உரசிக்கொண்டே போய்விடும். 6 மீட்டர் அகலத் தெருவில் 12 மீட்டர் கட்டடங்கள் இருந்தால் விகிதம் 2. அப்போது கீழே இருக்கும் காற்று மிக மெதுவாகத்தான் வெளியேறும். நம் பழைய கடைவீதிகள் பல இந்த ரகம்தான்.

டென்மார்க்கில் 1980களின் இறுதியில் உருவான ஓ.எஸ்.பி.எம். மாடல் இந்தச் சுழலை எளிய கணக்குக்குள் கொண்டுவந்தது. கோபன்ஹேகனின் யாக்ட்வை தெருவில் எடுத்த அளவீடுகள் அதற்கு உரைகல். காற்று குறைவாக இருக்கும்போது ஓடும் வண்டிகளே தெருக்காற்றைக் கலக்குகின்றன என்பதையும் அது சேர்த்துக்கொள்கிறது. சாதாரணக் கணினியில் ஓடும், விடையும் நம்பும்படி இருக்கும். என் பார்வையில் நகரத் தெருக்களுக்கு இந்த வகை மாடல்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

மரம் நட்டால் தெருக்காற்று சுத்தமாகுமா?

குறுகலான தெருவில் உச்சிகள் ஒன்றோடொன்று கூடும்படி மரங்கள் நின்றால், காற்றோட்டம் குறைந்து கீழே புகை தங்கலாம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நடந்த காற்றுச் சுரங்கச் சோதனைகள் இதைக் காட்டியிருக்கின்றன. அதற்காக மரத்தை வெட்டச் சொல்லவில்லை. நிழலும் குளிர்ச்சியும் நமக்கு உயிர் போல முக்கியம். இடைவெளி விட்டு நடலாம், வண்டிகளைக் குறைக்கலாம்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் புகைக்குழாய் இருக்கிறது. அதற்கு மாடல் போடலாமா?

போடலாம், போட வேண்டும்.

டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு விதி வைத்திருக்கிறது. ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்தின் உயரத்தோடு, அதன் கே.வி.ஏ. திறனின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்ட வேண்டும். 400 கே.வி.ஏ. என்றால் வர்க்கமூலம் 20. ஆக, கட்டடத்துக்கு மேலே 4 மீட்டர். 100 கே.வி.ஏ. என்றால் 2 மீட்டர்.

இதில் பக்கத்துக் கட்டடத்தின் உயரம் வரவே இல்லை, கவனித்தீர்களா? இரண்டு மாடி வங்கிக் கிளையின் ஜெனரேட்டர் விதிப்படி சரியாக இருக்கலாம். பத்து மீட்டர் தள்ளி ஆறு மாடிக் குடியிருப்பு இருந்தால், மூன்றாம் நான்காம் மாடி ஜன்னல்களுக்கு நேராகப் புகை போகும். விதி எழுதப்பட்டபோது நகரங்கள் இவ்வளவு நெருங்கியிருக்கவில்லை. இப்போது அதைத் திருத்த வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல், கட்டடத்தின் பின்னால் உருவாகும் சுழல். குழாய் போதிய உயரமில்லாவிட்டால் புகை அதில் இழுக்கப்பட்டுத் தரைக்கு இறங்கிவிடும். இதைத் தவிர்க்க, கட்டட உயரத்தோடு அதன் உயரம், அகலம் இரண்டில் சிறியதைப் போல ஒன்றரை மடங்கு சேர்ந்த உயரம் வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். உயரத்தைவிட அகலம் அதிகமான 10 மீட்டர் கட்டடத்துக்கு அது 25 மீட்டர். நம் விதி தரும் 12, 14 மீட்டரோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு என்று தெரியும்.

மாடல் போடச் சொல்லும்போது ஒன்றை மறக்காதீர்கள். தரைமட்டத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் பயனில்லை. ஒவ்வொரு மாடி ஜன்னல் உயரத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

காற்றே வீசாத நாட்களில் மாடல் என்ன சொல்லும்?

பல நேரம் ஒன்றும் சொல்லாது. காஸியன் சூத்திரத்தில் காற்றின் வேகத்தால் வகுக்கிறோம். வேகம் பூஜ்ஜியத்தை நெருங்கினால் விடைக்குப் பொருளே இருக்காது. அதனால் ஏர்மாட், அமைதி என்று குறிக்கப்பட்ட மணி நேரங்களுக்குச் செறிவே கணக்கிடாது.

மாசு மிக மோசமாக இருப்பதோ அந்த நேரத்தில்தான். 2018 போகி அன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. மார்கழி, தை அதிகாலையில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டது போல நிற்கும். காற்றும் அசையாது. பழைய டயரும் பாயும் எரிந்த புகை முழுவதும் நாம் மூச்சுவிடும் அடுக்கிலேயே தங்கிவிடும். அறிக்கையின் பின்னிணைப்பில் "அமைதி மணி நேரங்கள்" எத்தனை விழுக்காடு என்று இருக்கும். அது பெரிய எண்ணாக இருந்தால், கணக்கில் சேராத அந்த நேரங்களைப் பற்றி விளக்கம் கேளுங்கள்.

கடற்கரை நகரங்களுக்கு ஏதாவது தனிச் சிக்கல் உண்டா?

உண்டு. சென்னையில் கோடை நாளின் நடுவே கடற்காற்று திரும்பும். கடல்மேல் இருந்து வரும் காற்று குளிர்ந்தது, கொந்தளிப்பு குறைந்தது. சுடும் தரைமேல் வந்ததும் அடியிலிருந்து கலங்கத் தொடங்கும். கலங்கிய அடுக்கு உள்ளே போகப்போகத் தடிக்கும். எண்ணூர் போலக் கரையோரத்தில் உள்ள உயரமான புகைபோக்கியிலிருந்து வரும் புகை, முதலில் மேலே அமைதியான காற்றில் கலையாமல் போகும். சில கிலோமீட்டர் உள்ளே அந்தக் கலங்கிய அடுக்கைத் தொட்டதும் மொத்தமாகத் தரைக்கு இறங்கும். ஆலை வாசலில் இருப்பவரைவிடத் தள்ளி இருப்பவருக்கு அதிகப் பாதிப்பு வருவது இப்படித்தான்.

சாதாரண ஏர்மாட் ஓட்டம், ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பகுதி முழுவதும் ஒரே காற்று வீசுவதாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காற்றுத் தரவு மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து எடுத்ததாக இருந்தால், கரையில் கடற்காற்று தொடங்கிவிட்ட பிறகும் கணக்கில் நிலக்காற்றே வீசிக்கொண்டிருக்கலாம்.

பிழை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது?

உமிழ்வுக் கணக்கிலிருந்து. மாடலை எல்லாரும் திட்டுகிறோம், ஆனால் உள்ளே போட்ட எண்ணைப் பார்ப்பதில்லை. ஒரு சாலையில் எத்தனை லாரி, எத்தனை ஆட்டோ, அவற்றில் எத்தனை 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டி, எத்தனை பழையது, சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்கின்றன, டயர் கிளப்பும் சாலைத் தூசி எவ்வளவு? ஒவ்வொன்றிலும் ஊகம் இருக்கிறது. உமிழ்வில் பாதியை விட்டுவிட்டால் விடையிலும் பாதி போய்விடும். எந்த உயர்ந்த கணினியும் அதைத் திருப்பித் தராது.

அப்படியானால் விடையை எவ்வளவு நம்பலாம்?

அளந்ததும் கணக்கிட்டதும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்குள் இருந்தால் இந்தத் துறையில் நல்ல மாடல் என்போம். பாதிக்கு மேற்பட்ட கணக்குகள் அப்படி அமைந்தால் ஏற்கலாம் என்பது திறந்தவெளிச் சோதனைகளுக்கான அளவுகோல். நகரச் சோதனைகளுக்கு அதையும் தளர்த்தி, முப்பது விழுக்காடு போதும் என்கிறார்கள்.

ஓர் ஆண்டில் எங்காவது, எப்போதாவது வரும் மிக உயர்ந்த செறிவு எவ்வளவு என்ற கேள்விக்கு மாடல்கள் நன்றாகவே பதில் சொல்லும். அதில் 10 முதல் 40 விழுக்காடு பிழை வழக்கம் என்று அமெரிக்க வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. இன்ன தெருவில், இன்ன நாள், இன்ன மணிக்கு என்று கேட்டால் நம்பகம் குறைந்துவிடும். காற்றின் திசை சில பாகைகள் மாறினாலே புகை வேறு தெருவுக்குப் போய்விடுமே.

கட்டடங்களை அப்படியே வரைந்து கணக்கிடும் மாடல்கள் இல்லையா?

இருக்கின்றன. சி.எஃப்.டி. என்பார்கள். தெருவை ஒன்றிரண்டு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றோட்டச் சமன்பாடுகளைத் தீர்க்கும். படம் அழகாக வரும். மேம்பாலத்துக்கு அடியிலோ, மெட்ரோ பாதைத் தூண்களுக்கு நடுவிலோ என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு வழியில்லை. ஆனால் ஒரு காற்றுத் திசைக்கு ஒரு கணக்கு என்று ஓட்ட வேண்டும். ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் ஓட்டுவது நடக்காத காரியம். வண்ணப் படத்தைப் பார்த்து மயங்காமல், எத்தனை திசைகளுக்கு ஓட்டினீர்கள் என்று கேளுங்கள்.

திடீர் வாயுக் கசிவுக்கும் இதே மாடல்தானா?

இல்லை. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் காற்றைவிடக் கனமானது. மெல்லிய காற்று, கலக்கமில்லாத இரவு. வாயு தரையோடு ஊர்ந்து உறங்கிக்கொண்டிருந்த குடிசைகளுக்குள் போனது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோதும் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள். அமோனியா வாயு காற்றைவிட லேசானதுதான். ஆனால் குளிர்ந்த நிலையில் திரவத் துளிகளோடு வெளியேறும்போது கன வாயு போலத் தாழ்ந்து பரவக்கூடும்.

இதற்கு அலோஹா என்ற இலவச மென்பொருளைத் தீயணைப்பு, பேரிடர்த் துறையினர் பயன்படுத்துகிறார்கள். சில நிமிடங்களில் ஆபத்து வளையம் வரைந்து தரும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் 10 கிலோமீட்டருக்கும் மேல் போகாது. காற்று விநாடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தால் ஏற்காது. கட்டடங்களுக்கு நடுவே வாயு எப்படி நுழையும் என்றும் தெரியாது. ஆலைகளைச் சுற்றி வாழும் மக்களுக்கு இந்த வளைய வரைபடம் முன்கூட்டியே தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும். அது அவர்கள் உரிமை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறேன். அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதை வாங்குங்கள். முழு அறிக்கையில் காற்று மாசு அத்தியாயத்தைத் திறந்து, காற்றுத் தரவு எந்த இடத்தில், எந்த மாதங்களில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு பருவத்தில் எடுத்த அளவீடு ஆண்டு முழுவதற்கும் பேச முடியாது.

அப்புறம் கூட்டல். திட்டத்தால் கூடும் மாசு, ஏற்கெனவே இருக்கும் மாசு என்று இரண்டு எண்கள் இருக்கும். கூடுவது சிறியதாகத்தான் காட்டப்படும். இரண்டையும் சேர்த்த தொகையைத் தரத்தோடு ஒப்பிட வேண்டும். பி.எம். 2.5 என்ற நுண்துகள் மாசுக்கு இந்தியத் தரம் 24 மணி நேரச் சராசரியில் 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15. பின்னணி அளவு எங்கே எடுத்தார்கள், உங்கள் ஊரிலா, மாசு குறைந்த வேறு மூலையிலா என்பதையும் பாருங்கள். அருகிலேயே அனுமதி பெற்று இன்னும் தொடங்காத ஆலைகள் இருந்தால் அவற்றின் புகை எந்த எண்ணிலும் இருக்காது. அதைக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, மாடலின் உள்ளீட்டுக் கோப்பைக் கேளுங்கள். சிறிய கோப்புதான். அது இருந்தால் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் அதே கணக்கைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிடலாம்.

நான் மாணவி. எங்கிருந்து தொடங்கலாம்?

ஏர்மாட் மென்பொருளும் அதன் ஃபோர்ட்ரான் மூல நிரலும் அமெரிக்க முகமையின் தளத்தில் இலவசம். சி.எஃப்.டி. பக்கம் போக விரும்பினால் ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் இலவசம். ஆனால் முதல் வாரம் இரண்டையும் தொட வேண்டாம். பிரெய்ரி கிராஸ் தரவு பொதுவில் கிடைக்கிறது. காஸியன் சூத்திரத்தை எக்செல் தாளில் போட்டு, 50 மீட்டர், 200 மீட்டர், 800 மீட்டரில் அளந்த எண்களோடு ஒப்பிடுங்கள். பகல் சோதனை ஒன்று, இரவுச் சோதனை ஒன்று எடுங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்த பிறகு ஏர்மாட்டைத் திறந்தால் அது கேட்கும் ஒவ்வொரு உள்ளீடும் எதற்காக என்று புரியும்.